மெக்னீசியம் பாட்டிலைத் திறப்பதற்கு முன்

போன வாரம் இங்கே சிங்கப்பூரின் தெம்பனீஸிலிருந்து, கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கும் ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, மெக்னீசியம் 1120தான் காட்டுது. ரெண்டு பாட்டில் வாங்கிட்டேன், ஒரே நாள்ல ஊத்திடலாமா?" எனக்குச் சுரீரென்றது. அவர் மேல் கோபமில்லை. எட்டு வருடத்துக்கு முன் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் இருந்த தொட்டியில், யாரையும் கேட்காமலே ஊற்றி முடித்தவன் நான்.

மெக்னீசியத்தை அளப்பதிலும் ஊற்றுவதிலும் நடக்கும் தப்புகளைச் சொல்கிறேன். காலாவதியான மருந்து, கழுவாத குப்பி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது சோதனைக் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கிறது.

உப்பை அளக்காமல் மெக்னீசியத்தை அளப்பது

கடல்நீரில் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கும்போது மெக்னீசியம் சுமார் 1280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1280 பங்கு), கால்சியம் 410, கே.எச். (கார்பனேட் அளவு) 7 இருக்கும். தண்ணீரில் உப்பு குறைந்தால் இந்த மூன்றும் சேர்ந்தே இறங்கும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் தொட்டி 200 லிட்டர். அன்றைய அளவு நோட்டில் இன்னும் இருக்கிறது: மெக்னீசியம் 1100, கால்சியம் 350, கே.எச். 6. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றுமே ஏழில் ஒரு பங்கு குறைவு. மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நானோ மெக்னீசியம் குளோரைடை வாங்கி, மூன்று நாளில் 400 கிராமுக்கு மேல் கரைத்து ஊற்றினேன். 1350 வந்தது. சந்தோஷமாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து நண்பர் ஒருவர், கருவியைச் சரிபார்க்க உப்பு சரியாக 35 பிபிடி உள்ள அளவுத் திரவம் கொண்டுவந்தார். உப்பு பார்க்கும் என் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டால் 40 காட்டியது! அதுவரை உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை வைத்தே பூஜ்ஜியம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்ஜியத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் தப்பாக நிற்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆக, நான் 35 என்று நம்பிய தண்ணீர் அத்தனை நாளும் 30-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கிறது.

சரி, உப்பை மெல்ல ஏற்றினேன். உப்போடு மெக்னீசியமும் வந்து 1500 ஆனது. அதிகமான மெக்னீசியத்தைச் சீக்கிரம் இறக்க வேண்டுமென்றால் தண்ணீர் மாற்றித்தான் முடியும், வேறு மருந்து கிடையாது. அதுவும் லேசில் இறங்காது: 1350 உள்ள புதுத் தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் குறைவது வெறும் 30. ஒரு வாளி உப்பு மிக்ஸ் முழுவதையும் அப்படியே கரைத்துத் தீர்த்தேன். இன்றைக்கென்றால் தொடாமல் விட்டிருப்பேன். 1500-இல் பவளம் ஒன்றும் சாகாது; கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கியிருக்கும். வாளிக் காசு போனதைவிட, நோட்டில் பதில் கண்ணெதிரே இருந்தும் படிக்காமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

தம்பியிடம், "உப்பு எவ்வளவு?" என்றேன். "1.025 அண்ணே." அடர்த்திக் கணக்கில் அது 35 பிபிடியை ஒட்டிய எண். எதை வைத்துப் பார்த்தீர்கள் என்றால், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டராம். அந்த முள்ளில் இரண்டு காற்றுக் குமிழி ஒட்டினாலே போதும், அது மேலே மிதந்து இல்லாத உப்பைக் காட்டும்.

உப்பு சரியாக இருந்தும் மெக்னீசியம் மட்டும் குறைந்திருந்தால் அது வேறு கதை. கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து படிகமாக வளர விடாமல் தடுப்பது மெக்னீசியம்தான். அது குறைந்தால் எவ்வளவு ஊற்றினாலும் கே.எச். நிற்காது, ஹீட்டரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும், பம்ப் இறுகும். அப்போது பாட்டிலைத் திறங்கள்.

30 பிபிஎம்முக்குப் பதறுவது

பல கிட்டுகளில், நிறம் மாறும்வரை மருந்தைச் சொட்டுகிற 1 மி.லி. சிரிஞ்சு முழுக்க 1500 என்று கணக்கு. அப்படியானால் ஒரு சின்னக் கோடு 15. நிறம் மாறிவிட்டதா இல்லையா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் நேரத்தில் இரண்டு கோடு போய்விடும். நேற்று 1320, இன்று 1290 என்றால் தண்ணீரில் எதுவும் நடக்கவில்லை, உங்கள் விரல்தான் அப்படி அழுத்தியிருக்கிறது. ஊசி முனையில் காற்று இருக்கும். பிஸ்டனின் எந்த விளிம்பில் படிக்கச் சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, எப்போதும் அதே விளிம்பில் படியுங்கள்.

தினமும் அளப்பது

வேண்டாம். வாரம் ஒருமுறையே ஜாஸ்தி.

மின்விசிறி ஓடும் தொட்டி

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பதில் ஃபேன் வைத்தால் நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் மளமளவென ஆவியாகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும் போகும். ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பி, கலக்கவிட்டு, அப்புறம் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

எப்சம் சால்ட் மட்டும் போடுவது

மலிவுதான். ஆனால் அது மெக்னீசியம் சல்பேட். மாதக்கணக்கில் அதையே போட்டால் சல்பேட் தேங்கும். பெரும்பங்கு குளோரைடாக இருக்கட்டும். ஊரிலிருந்து ஒருவர், தென்னைக்குப் போடுகிற மெக்னீசியம் சல்பேட்டை உரக்கடையில் வாங்கிப் போடலாமா என்று கேட்டார். அது தென்னைக்குத் தயாரித்தது, தென்னைக்கே போகட்டும்.

ஒரே நாளில் ஏற்றுவது

நாளுக்கு 100 பிபிஎம். அதற்கு மேல் வேண்டாம்.

தம்பி நேற்று அளவுத் திரவமும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கி உப்பைப் பார்த்தாராம்: 1.022. குறைந்திருந்தது உப்புதான். இரண்டு பாட்டிலும் சீல் பிரிக்காமல் இருக்கின்றன. கடையில் திருப்பி எடுப்பார்களா என்று என்னிடம் கேட்கிறார்.