பார்த்து வரையும் முகம் ஏன் சுண்ணாம்பு பூசினது போல ஆகிறது?

பழைய யதார்த்த ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தே எண்ணெய் வர்ணத்தில் முகம் பழகலாம். நல்ல வழிதான். தூரிகை கழுவாமல் விடுவது, எண்ணெயை அள்ளி ஊற்றுவது எல்லாம் இரண்டு படத்தோடு தானாகவே விட்டுப்போகும். அவற்றை விடுவோம்.

வெள்ளைக் கன்வஸில் நேரே தோல் நிறம்

விடாமல் தொடரும் பிழை இது. ரஷ்ய ஓவியர் கிராம்ஸ்கோய் 1873இல் தீட்டிய எழுத்தாளர் டால்ஸ்டாயின் உருவப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழகுபவர் கோடு போட்டு முடித்ததும் நெற்றியில் கைவைக்கிறார். கலந்த நிறம் சரியானதுதான். ஆனால் சுற்றிலும் வெறும் வெள்ளை இருப்பதால் அது கறுத்துத் தெரிகிறது. கொஞ்சம் வெள்ளை சேர்க்கிறார். மூக்குக்கும் கன்னத்துக்கும் அதே கதை. கடைசியில் தாடிக்கும் பின்னணிக்கும் கரும் நிறம் வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: முகம் முகமூடி போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு ஈரத்தின் மேலேயே கறுப்பைத் தேய்த்து எல்லாவற்றையும் சேறாக்குவார்கள். டைட்டேனியம் வெள்ளை நிறத்தை வெளிறச் செய்வதோடு நிற்காது, அதன் சூட்டையும் எடுத்துவிடும். விலை கொடுத்து வாங்கிய டியூப் இப்படிக் கரைவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

செய்ய வேண்டியது: பட்டாணி அளவு பேர்ன்ட் அம்பரை (கரும் மண்ணிற வர்ணம்) ஒரு தேக்கரண்டி டர்பன்டைனில் (வர்ணம் கரைக்கும் திரவம்) கரைத்துக் கன்வஸ் முழுக்கப் பூசி, பழந்துணியால் துடைத்துவிடுங்கள். அது காய்ந்தபின் அம்பரும் வெள்ளையும் மட்டும் கலந்து, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஐந்து படிகள் செய்துகொள்ளுங்கள். முதலில் பின்னணியையும் தாடியையும் வையுங்கள், கன்னம் எவ்வளவு வெளிச்சம் என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கண்ணை இடுக்கிப் பாருங்கள். மூலப்படத்தையும் உங்கள் படத்தையும் போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சாட்டே இல்லை. இது ஒத்துவந்த பிறகுதான் தோல் நிறம். வெளிச்சப் பகுதிக்கு வெள்ளையோடு யெலோ ஓக்கரும் (மங்கிய மஞ்சள்) சேரட்டும்.

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. சாம்பல் நிற மட்டையில் சிறு துளை போட்டு அதன் வழியே மூலப்படத்தைப் பாருங்கள்: புருவ நிழலுக்குள் இருக்கும் அந்த இடம் நெற்றியைவிட இருண்டிருக்கும்.

வடக்கு ஜன்னல்

நேர் வெயில் படாத சீரான ஒளிக்கு வடக்கு ஜன்னலருகே வரையுங்கள் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் அறிவுரை திருகோணமலையில் பாதி வருடம்தான் செல்லும். சித்திரை தொடக்கம் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். உவர்மலைப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலென்றால் காலையில் வரைவதையே தவிருங்கள். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, வர்ணம் கலக்கும் பலட்டில் ஒரு நிறத்தையும் கன்வஸில் இன்னொரு நிறத்தையும் காட்டும்.

போன் திரையிலிருந்து நிறம் எடுப்பது

திரை ஒளிர்கிறது, வர்ணம் ஒளிராது. நல்ல அச்சுப்படம் ஒன்று எடுங்கள்.

மாரியில் அவசரம்

எண்ணெய் வர்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஒட்சிசனை ஏற்றுத்தான் இறுகும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த நாட்களில் அது தாமதமாகும். அம்பர் விரைவாகக் காயும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு மெதுவாக. கீழே தடித்த கறுப்பு, மேலே அம்பர் என்று வைத்தால் மேற்பூச்சில் வெடிப்பு விழும். ஹெயார் ட்ரையர் பிடித்தால் மேலே தோல் மட்டும் கட்டும். கீழ்ப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாக, மேற்பூச்சில் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும்.

வார்னிஷ்

படம் முடித்து ஆறு மாதம் ஆகுமுன் பூச வேண்டாம்.