சட்டைக்கு ‘இன்’, தாடிக்கு ‘வித்’

‘நீலச் சட்டையோடு நிற்கிறவர்’ என்று தமிழில் நினைத்தால் ஆங்கிலத்தில் ‘தி மேன் வித் அ ப்ளூ ஷர்ட்’ என்றுதான் வாயில் வரும். ஆங்கிலேயர்களும் பேச்சில் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் எழுத்தில், சட்டையைக் கையில் வைத்திருக்கிறாரோ என்ற சந்தேகம் வரலாம். உடைக்குள் ஆள் இருக்கிறார் என்று கணக்கு வைத்ததில் எனக்குச் சரியாயிற்று: ‘தி மேன் இன் அ ப்ளூ ஷர்ட்’. புடவை, சூட், தொப்பி எல்லாவற்றுக்கும் ‘இன்’. நிறம் மட்டும் போதுமென்றால் ‘தி உமன் இன் ரெட்’. நடுவில் ‘அ’ கிடையாது.

தாடி, நீள முடி, கையிலுள்ள குடைக்கு ‘வித்’. மூக்குக்கண்ணாடி இரண்டுங்கெட்டான்: ‘வித் கிளாஸஸ்’ வழக்கம், ‘இன் கிளாஸஸ்’ தப்பில்லை.

‘ஆன்’ உடைக்குப் பின்னால் வரும்: ‘ஹி ஹேஸ் அ ஹேட் ஆன்’. ‘வித் அ ஹேட் ஆன்’ என்று சேர்த்தால் ‘வித்’தும் ஐயமில்லாமல் நிற்கும். ‘ஆன்’ முன்னால் வந்து ஆள் பின்னால் வந்தால் பொருத்தத்தைப் பற்றிய பேச்சு: ‘தட் ஷர்ட் லுக்ஸ் குட் ஆன் யூ’.

படத்தைப் பார்த்து விவரிக்கும்போது ‘ஹி இஸ் புட்டிங் ஆன் அ ஷர்ட்’ என்று எழுதாதீர்கள். அது பொத்தான் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு. ஏற்கெனவே போட்டிருப்பவருக்கு ‘வேரிங்’.