ஆறு ஆதாரங்களும் நரம்பு மண்டலமும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

"அக்கா, சக்கரம்னா நரம்பா? ஸ்கேன் எடுத்தா தெரியுமா?"

எங்கள் மொட்டை மாடி வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேராவது முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கண்ணை மூடி உட்காரச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சக்கரங்களைத்தான் ஆதாரங்கள் என்றும் சொல்கிறோம். முதுகுத்தண்டின் அடியிலிருந்து புருவ நடு வரை, யோக மரபு தாமரைகளாக வரைந்து வைத்திருக்கும் ஆறு இடங்கள் அவை. ஸ்கேனில் தெரியாது. மூலாதாரத்தின் நான்கு இதழும் தெரியாது, மணிபூரகத்தின் பத்து இதழும் தெரியாது. ஆனால் அந்த இடங்களில் மனதை வைத்து மூச்சை மெதுவாக்கினால் உடம்பு மாறுகிறது. அந்த மாற்றத்தை உங்கள் மணிக்கட்டில் நீங்களே விரல் வைத்துப் பார்க்கலாம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

வரைபடம் வேறு, நரம்பு வேறு

இந்தச் சந்தேகம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, துறவியாக அலைந்த நாட்களில் கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். நூல்களில் படித்த சக்கரங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. அந்த நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டதாக அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

1927இல் பம்பாய் டாக்டர் வசந்த் ரேலே இதற்கு நேர் எதிராகப் போனார். மூலாதாரத்தில் உறங்குவதாக யோக நூல்கள் சொல்லும் சக்தியான குண்டலினி என்பது, மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்புதான் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்னுரை எழுதிய ஜான் உட்ராஃப், தாந்திரிக நூல்களை ஆங்கிலத்தில் தந்தவர். அவரே அந்த முன்னுரையில் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

பல வருடம் பயிற்சி செய்து, பிறகு உடற்கூறும் படித்த பின் நான் வந்து சேர்ந்த இடம் இது: ஆதாரங்கள், தியானம் செய்கிறவர் மனதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கான வரைபடம். நரம்பு மண்டலம், அப்படி நிறுத்தும்போது உள்ளே வேலை செய்யும் அமைப்பு. ஒன்றை இன்னொன்றின் பெயரால் அழைத்தால் இரண்டுமே நமக்குப் புரியாமல் போய்விடும்.

விநாயகர் அகவல் சொல்கிறவர்களுக்கு மூலாதாரம், இடைகலை, பிங்கலை, சுழுமுனை எல்லாம் பழகிய சொற்கள். இடைகலையும் பிங்கலையும் முதுகுத்தண்டின் இடமும் வலமும் ஓடுவதாகச் சொல்லப்படும் மூச்சு வழிகள், நடுவழி சுழுமுனை. திருவாரூரை மூலாதாரத் தலம் என்றும், திருவானைக்காவைச் சுவாதிட்டானம் என்றும், திருவண்ணாமலையை மணிபூரகம், சிதம்பரத்தை அநாகதம், காளத்தியை விசுத்தி, காசியை ஆக்கினை என்றும் சைவர்கள் சொல்வார்கள். உடம்பின் வரைபடத்தை ஊர்களின் மேலும் விரித்துப் பார்த்த மரபு இது.

நரம்பு பற்றிக் கொஞ்சம்

நாம் சொல்லாமலே இதயம், குடல், வியர்வை, கண்பாவை எல்லாவற்றையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் ஓடவும் சண்டை போடவும் உடம்பைத் தயார் செய்கின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் திருப்புகின்றன. எதிர்ப்பரிவின் பெரிய நரம்பு வேகஸ். மூளையின் அடியிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை இறங்குகிறது. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. அதாவது, நம் வயிறும் நெஞ்சும் எப்படி இருக்கின்றன என்று மூளை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பரிவு நரம்புகளுக்கு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாக ஒவ்வொரு சங்கிலி உண்டு. கழுத்தில் தொடங்கிக் கீழே வந்து, வால் எலும்புக்கு முன்னால் இரண்டும் ஒரே முடிச்சாகச் சேர்கின்றன. நடுவில் தண்டுவடம். இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்று பெரியவர்கள் வரைந்த படத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். இடைகலையும் பிங்கலையும் மூக்கின் இடது, வலது துளைகளோடு சேர்ந்தவை. தண்டுவடமோ இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வால் எலும்பு வரை போவது ஒரு மெல்லிய நார் மட்டும்.

உடம்பில் தானாக நடக்கும் வேலைகளில் நாம் நினைத்த நேரத்தில் எளிதாகக் கையில் எடுக்க முடிந்தது மூச்சு. தானாகவும் ஓடும், சொன்னால் கேட்கவும் செய்யும். சித்தர்கள் எதற்கு மூச்சைப் பிடித்தார்கள் என்பது இங்கே விளங்கும்.

படி 1: தொடங்கும் முன்

காலையில் வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. சப்பணமிட முடிந்தால் சரி, முடியாவிட்டால் நாற்காலி. முதுகு நிமிர்ந்திருந்தால் போதும்.

இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், திடீர்ப் பதற்றம் வந்து அவதிப்படுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூச்சை நிறுத்தி வைக்கும் கும்பகத்தை இந்தப் பயிற்சியில் யாருமே செய்ய வேண்டாம்.

கும்பகத்தை ஏன் விலக்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். திருமூலர் பிராணாயாமத்துக்குத் தரும் கணக்கு: இழுக்க 16 மாத்திரை (கண்ணிமைக்கும் அளவு நேரம்), நிறுத்த 64, விட 32. நான் கற்கத் தொடங்கிய புதிதில் போன ஒரு வகுப்பில் முதல் மாதமே 64க்கு நிறுத்தச் சொன்னார்கள். ரோஷத்தோடு நிறுத்தினேன். கண் இருட்டி, காதில் இரைச்சல் கேட்டு, இரண்டு நாள் தலைவலியோடு படுத்தேன். அந்தக் கணக்கு குருவின் பக்கத்தில் வருடக்கணக்காகப் பழகியவர்களுக்கு. ஆனால் அதே கணக்கில் தொடங்குகிறவர்களுக்கும் ஒரு சொத்து இருக்கிறது. விடும் மூச்சு, இழுக்கும் மூச்சைப் போல இரண்டு மடங்கு. நாம் அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 2: உங்கள் நாடியை நீங்களே பாருங்கள்

இடது உள்ளங்கையை மேலே திருப்பி மடியில் வையுங்கள். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே மெதுவாக வையுங்கள். சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். நமக்கு இரண்டு போதும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், கவனம்.

துடிப்பு கிடைத்ததும் மூச்சை மெதுவாக இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக விடுங்கள். அவசரமில்லாமல் ஐந்து முறை.

எங்கள் வகுப்பில் ஒரு தையல்காரத் தங்கை இருக்கிறாள். நாள் முழுக்க மிஷினில் குனிந்திருக்கிறவள். முதல் நாள் இதைச் செய்துகொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் திறந்து, "அக்கா, மூச்சு விடும்போது துடிப்பு தள்ளித் தள்ளி வருது" என்றாள். விரலை எடுக்கவே இல்லை, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உணர்ந்தது வேகஸ் நரம்பின் வேலையை. மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மீது வேகஸ் போட்டிருக்கும் பிரேக் சற்றுத் தளர்கிறது, துடிப்பு வேகமாகிறது. விடும்போது பிரேக் விழுகிறது, துடிப்பு இடைவெளி விட்டு வருகிறது. இளையவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வயதாக ஆக இந்த வித்தியாசம் குறையும் என்பதால், பெரியவர்களுக்கு விரலில் தட்டுப்படாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

படி 3: வயிற்றின் மேல் டம்ளர்

பாயில் மல்லாந்து படுத்து, ஒரு காலி எவர்சில்வர் டம்ளரைத் தொப்புள் மேல் நிறுத்துங்கள். மூச்சை இழுக்கும்போது டம்ளர் எழ வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். மார்பு மட்டும் ஏறி இறங்கி டம்ளர் அசையாமல் நின்றால் மேல்மூச்சு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றைத் தள்ளினால்தான் டம்ளர் எழும்.

மனதுக்குள் நான்கு எண்ணி மூக்கால் இழுங்கள். எட்டு எண்ணி மூக்காலேயே விடுங்கள். திணறினால் மூன்றும் ஆறும். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஐந்து, ஆறு மூச்சுதான் வரும். நாம் சாதாரணமாக 12 முதல் 20 வரை விடுகிறோம். ஒரு வாரம் இதையே செய்யுங்கள். அடுத்த படிக்குத் தாவ வேண்டாம்.

படி 4: ஆறு இடங்கள்

இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். அதே நான்கு, எட்டு கணக்கு. ஒவ்வோர் இடத்திலும் பத்து மூச்சு.

*மூலாதாரம்.* முதுகுத்தண்டின் அடி. உட்கார்ந்திருக்கும் எலும்பு இரண்டும் தரையில் படுவதைக் கவனியுங்கள். பயத்தில் இருக்கிறவர்கள் இடுப்பின் அடித்தசையைத் தெரியாமலே இறுக்கி வைத்திருப்பார்கள். விடும் மூச்சில் அது தளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*சுவாதிட்டானம்.* அடிவயிறு. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புப் பின்னல் இந்தப் பகுதியில் இருக்கிறது. பரீட்சைக்கு முன் அடிக்கடி பாத்ரூம் போனது நினைவிருக்கும்.

*மணிபூரகம்.* தொப்புள் பக்கம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தன்னியக்க நரம்புப் பின்னல்களிலேயே பெரியது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. தொப்புளுக்குச் சற்று மேலே, பெருந்தமனியை ஒட்டி, கதிர் விரிந்த மாதிரி கிளைகள் போவதால் மேல்நாட்டில் அதற்குச் சூரியன் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் மரபில் மணிபூரகத்துக்கு உரிய பூதமோ நெருப்பு. இது போக, குடல் சுவரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சு இல்லை. பயம் வந்தால் பரிவு நரம்புகள் செரிமானத்தைத் தடுத்து ரத்தத்தைக் கை காலுக்குத் திருப்புகின்றன, வயிறு அதை உடனே உணர்கிறது. பத்து மூச்சில் வயிறு களகளவென்று சத்தம் போட்டால் வெட்கப்படாதீர்கள், செரிமானம் வேலைக்குத் திரும்பியிருக்கிறது.

*அநாகதம்.* நெஞ்சின் நடு. இதயத்தின் மேல்பகுதியில் பரிவும் வேகஸும் ஒரே பின்னலில் கலக்கின்றன. படி 2இல் விரலால் பார்த்ததை இப்போது உள்ளிருந்து பாருங்கள். சிலருக்கு இங்கே கண்ணீர் வரும். துடைக்காமல் வரவிடுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதயச் சக்கரம் திறக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

*விசுத்தி.* தொண்டை. குரல்வளைக்கு வரும் வேகஸின் கிளை ஒன்று இடது பக்கத்தில் நேராக வருவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறித்தான் தொண்டைக்கு வருகிறது. நெஞ்சைத் தொட்டுவிட்டு வரும் நரம்பு நம் குரலை அசைக்கிறது. துக்கத்தில் தொண்டை அடைப்பதைப் பற்றி இதை அறிந்த பிறகு நான் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினேன். கழுத்தைக் கையால் அழுத்த வேண்டாம், ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன.

*ஆக்கினை.* புருவ நடு. கண்ணை மேலே செருக வேண்டாம், நெற்றி தளர்ந்தால் போதும்.

படி 5: ரீங்காரம்

கடைசியாக ஐந்து முறை, வாயை மூடி, விடும் மூச்சை "ம்ம்ம்" என்று வண்டு போல ரீங்கரித்து விடுங்கள். ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு அமைதியாக மூச்சு விடுவதைவிட 15 மடங்கு கூடுவதாக ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் கண்டார்கள். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் வாயு அது. மந்திரம் சொல்லிப் பழகியவர்கள் அதையே ஒரு மூச்சுக்கு ஒரு முறை சொல்லலாம். 2001இல் இத்தாலியில் ஜெபமாலை செய்தவர்களையும் யோக மந்திரம் சொன்னவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியிருந்தது.

முடித்ததும் சட்டென்று எழாதீர்கள். உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைத்து, அப்புறம் எழுங்கள்.

இதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது

படபடப்பு, தூக்கம் வராமை, அஜீரணத்தோடு வரும் பதற்றம் ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. மருந்துக்கு மாற்று இல்லை. "உங்கள் விசுத்தி அடைத்திருக்கிறது, தைராய்டு மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டைச் சொல்வது ரத்தப் பரிசோதனை. உச்சந்தலையையும் சேர்த்து ஏழு சக்கரம் என்று எண்ணி, அவற்றுக்கு வானவில்லின் ஏழு நிறம் என்று விற்கும் கற்களும் உங்களுக்குத் தேவையில்லை. அந்த நிற வரிசை இருபதாம் நூற்றாண்டில் மேல்நாட்டில் பரவியது, பழைய நூல்களில் வரும் நிறங்கள் வேறு.

இரண்டாவது வாரம் மூலாதாரம், மணிபூரகம், அநாகதம் மூன்றுக்கு மட்டும் போங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறும். ஒரு நோட்டில் தினமும் ஒரே வரி எழுதுங்கள்: தொடங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு, முடிக்கும்போது எத்தனை, எந்த இடத்தில் மனம் நிற்கவில்லை. அந்தத் தையல்காரத் தங்கையின் நோட்டில் மூன்று வாரமாக ஒரே இடம்தான் வருகிறது, விசுத்தி. இப்போது அங்கே அவள் பத்து மூச்சுக்குப் பதில் இருபது விடுகிறாள்.