தலைமையாசிரியருக்குப் பயிற்சியை அவர் பள்ளியிலேயே கொடுங்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துத் தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப்) பள்ளிகளுக்குப் புதிதாக வரும் தலைமையாசிரியர்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் நான் வேலை பழக்குகிறேன். பின்தங்கிய பள்ளியை நிமிர்த்த வேண்டியவருக்கு மண்டபத்தில் வைக்கும் வகுப்பு போதாது. பயிற்சி கொடுப்பவர்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

முதலில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, தலைமையாசிரியரே கேட்கட்டும். யார் சரளமாக வாசிக்கிறார்கள், யார் எழுத்துக்கூட்டுகிறார்கள், யாருக்கு எழுத்தே பிடிபடவில்லை என்று பெயரோடு குறிக்கட்டும். "பிள்ளைகள் வீக்" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்; எந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பேச ஆரம்பிப்பார்.

அடுத்தது வகுப்பைப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்குங்கள். சின்னப் பள்ளியில் தலைமையாசிரியரும் ஒரு வகுப்பு எடுக்கிறார், மதியச் சாப்பாட்டுக் கணக்கும் அவர் தலையில்தான். அதனால் வாரத்துக்கு ஒரு பீரியட் பார்த்தாலே போதும். நீங்களும் கூடப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். டீச்சரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: யார் வாயே திறக்கவில்லை, யார் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறது? அன்றைக்கே டீச்சரோடு தனியாகப் பேசட்டும். நன்றாக நடந்ததைச் சொல்லிவிட்டு, மாற்ற ஒரே ஒரு விஷயத்தை இருவருமாக முடிவு செய்யட்டும். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் மாறாது. அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் பார்க்கப் போக வேண்டும். அப்படித் திரும்பிப் போகாத தலைமையாசிரியரை டீச்சர்கள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் எஸ்.ஆர்.ஜி. கூட்டம் சுற்றறிக்கை வாசிப்பதிலேயே முடிந்துவிடக் கூடாது. மலையாளத்தில் வரும் சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடலாம். கூட்டத்தில் ஒரு பிள்ளையின் நோட்டை நடுவில் வைத்து எல்லோரும் பேசட்டும்.

அப்புறம் வகுப்பு பி.டி.ஏ. எனும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம். தோப்பு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மாக்கள் பகல் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? சாயங்காலம் அவர்கள் தெருவிலேயே வைக்கச் சொல்லுங்கள். வார்டு மெம்பரையும் அழைக்கட்டும். இங்கே அரசு எல்.பி. பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால், கழிப்பறைக் கதவைப் பற்றி அம்மாக்களே அவரிடம் நேராகக் கேட்டுவிடலாம்.