ஏலக்கா கணக்கு சர்வர் இழுக்குதா, இதப் பாருங்க

போடி, கம்பம் பக்கம் ஏலக்கா கடை பில்லிங் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஓடுதுன்னா, ஸ்லோன்னதும் ரேம் வாங்க ஓடாதீங்க. குவெரி முன்னாடி எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போடுங்க, குவெரிய ஓட்டி எப்படித் தேடுச்சுன்னு காட்டும் (டெலீட்டுக்கு போட்டா நெசமாவே அழிச்சிரும், உஷார்), பெரிய டேபிள்ல நாலு வரி எடுக்க சீக்வென்ஷியல் ஸ்கேன் (முழு டேபிளையும் வரி வரியா படிக்கிறது) போனா இண்டெக்ஸ் (சட்டுன்னு தேட உதவுற அட்டவணை) இருக்கான்னு பாருங்க. வியாபாரி ஐடி முன்னாடி, தேதி பின்னாடி, ரெண்டும் சேத்து ஒரே இண்டெக்ஸ், ஏன்னா ஐடி ஒண்ணுதான், தேதிதான் இதுலருந்து அதுவரைன்னு தேடுவோம். இண்டெக்ஸ் கட்டுறப்ப கன்கரன்ட்லின்னு சேத்துப் போடுங்க, இல்லன்னா கட்டி முடியுறவரை அந்த டேபிள்ல புது பில்லு ஏறாது. கண்ட ஃபீல்டுக்கெல்லாம் போட்டா இன்சர்ட் இழுக்கும்.

மழைக்காலம் கரண்டு போகும்ல, அதுக்கு பட்ரோனி, மெயின் சர்வர் விழுந்தா இன்னொண்ண தானா ஏத்துற டூல். எந்த சர்வர் லீடர் (மெயின்)னு குறிச்சு வைக்கிற எட்சிடிக்கு மூணு நோடு (மெஷின்) வேணும், ரெண்டுல ஒண்ணு விழுந்தா மெஜாரிட்டி காலி. லீடர் பதவிக்கான கெடு, அதாவது டிடிஎல், டீஃபால்ட் 30 செகண்ட், அதுக்குள்ள லீடர் புதுப்பிக்கலன்னா ஸ்டாண்ட்பை (காப்பி சர்வர்) அந்த இடத்துக்கு ஏறிக்கும். மூணையும் ஒரே யூபிஎஸ்ல மட்டும் மாட்டிராதீங்கப்பா.