டெல்லியில் உதவிப் பேராசிரியர் வேலை: முனைவர் பட்டம் முடித்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனிர்க்காவிலும் பேர் சராயிலும் அறை எடுத்துத் தங்கி, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு விளம்பரத்துக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஒரே எண்ணம்: இன்னும் நாலு கட்டுரை வந்துவிட்டால் வேலை நிச்சயம். இது சரியான கணக்கு அல்ல.

யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 100 மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. முனைவர் பட்டத்துக்கு 30. முதுகலைக்கு அதிகபட்சம் 25, இளங்கலைக்கு 15. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம், மொத்தம் 10தான். ஐந்து கட்டுரையிலேயே அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் கட்டுரைப் பட்டியலில் அப்படி ஒரு இதழைப் பார்த்துவிட்டால், நல்ல கட்டுரைகளையும் தேர்வுக் குழு நிபுணர்கள் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள்.

இந்த அட்டவணை நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய மட்டுமே. தேர்வு முழுக்க நேர்காணலை வைத்துத்தான். அட்டவணையில் 92 வாங்கியவரும் 78 வாங்கியவரும் நேர்காணல் அறைக்குள் சமம். இதை மனதில் வைத்துத் தயாராகிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற சான்றிதழ், வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது வேண்டும் என்பதையும் விளம்பரத்தில் பாருங்கள். கடைசி வாரத்தில் ஊருக்குப் போன் போட்டு தாசில்தார் ஆபீசுக்கு அப்பாவை அலையவிடுவது பாவம். அப்புறம் இன்னொன்று: கிரீமி லேயரா என்று பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்து. உங்கள் ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) பணம் அதில் சேராது. இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கட்டும். “இரண்டு ஆண்டு பணியாற்றினார்” என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்.

நேர்காணலில் “ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் முதல் இயலிலிருந்து ஆரம்பிப்பது பெரிய தவறு. எதிரே துணைவேந்தரோ அவர் நியமித்த ஒருவரோ தலைவராக இருப்பார். அவர் வேறு துறைக்காரராக இருக்கலாம். என்ன கேள்வி கேட்டேன், என்ன கண்டேன், அதனால் என்ன மாறுகிறது என்று இரண்டு நிமிடத்தில் அவருக்கும் புரியும்படி சொல்லிப் பழகுங்கள். துறை தெரியாத ஒரு நண்பரை உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் பாடம் நடத்துவது பற்றி வரும். டெல்லி பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நான்காண்டு இளங்கலைப் பாடத்திட்டம் நடக்கிறது. “எந்தத் தாளையும் நடத்துவேன்” என்ற பதிலில் அக்கறை தெரியாது. பாடத்திட்டத்தை இறக்கிப் படித்து, இரண்டு தாள்களைப் பெயரோடு சொல்லி, முதல் வாரம் வகுப்பில் என்ன செய்வீர்கள் என்று விளக்குங்கள்.