பக்கத்து மனையில் குடோன் வருகிறதா? ஆட்சேபணை போடும் முறை

வீடுகளுக்கு நடுவே கிடக்கும் காலி இடத்தில் குடோனோ மரம் அறுக்கும் மில்லோ வரப்போகிறது என்று தெரிந்தால், பேரூராட்சிகளில் பலரும் முதலில் போய் நிற்பது வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில். போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே முடிவு கிடைக்காது. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள ஊரில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என ஏதாவது ஒரு வகையில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வகையை மாற்றுவது 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் வருகிறது. கோப்பு நகர் ஊரமைப்புத் துறை வழியாகத்தான் நகரும். பேரூராட்சி மன்றத் தீர்மானம் அந்தக் கோப்பில் ஒரு தாள், அவ்வளவுதான்.

முதல் வேலை, சர்வே எண்ணை உட்பிரிவோடு எடுப்பது. 112/3A குடியிருப்பாகவும் 112/3B விவசாயமாகவும் இருக்கலாம். நகர நிலஅளவை முடிந்த ஊரில் எண்ணே மாறியிருக்கும். ஆனால் முழுமைத் திட்டம் பழைய எண்ணில் இருக்கும். மனுவில் இரண்டையும் எழுதுங்கள். பட்டாவையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அடுத்து, அந்த எண் எந்த வகையில் இருக்கிறது என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது. 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, விண்ணப்பம், நில உபயோக வரைபடம், மன்றத் தீர்மானம், நாளிதழ் விளம்பரம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். “ஏன் அனுமதித்தீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது; ஆவணத்தைக் கேட்டால் வரும்.

அதற்கு 30 நாள் ஆகும். நாளிதழ் விளம்பரத்தில் குறித்த ஆட்சேபணைக் கெடு அதற்குள் முடிந்துவிடலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்தக் கெடுவுக்குள் கையில் இருப்பதை வைத்து மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஆவணம் வந்த பிறகு கூடுதல் மனு கொடுக்கலாம். தபாலில் போட்ட நாளை நம்ப வேண்டாம். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மனுவின் பலம் அளவுகளில் இருக்கிறது. “பொதுமக்களுக்கு இடையூறு” என்று எழுதி இருநூறு கையெழுத்து வாங்குவதை விட, டேப் பிடித்துத் தெருவை அளந்து எழுதுவது மேல். வரைபடத்தில் 9 மீட்டர் காட்டும் தெரு, சாக்கடை ஓரம் முதல் சாக்கடை ஓரம் வரை 6 மீட்டர்தான் இருக்கிறதென்றால் அதுவே உங்கள் முதல் வரி. லாரி திரும்ப இடமில்லாத முனை, பள்ளிக்கூடம் எத்தனை மீட்டரில், புல வரைபடத்தில் வாய்க்கால் போகிறதா: ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இணையுங்கள். ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்திடாமல் வீட்டுக்கு ஒரு மனுவாகக் கொடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். குடியிருப்புப் பகுதியிலும் குறைந்த குதிரைத்திறன் மோட்டாரில் ஓடும் சில சிறுதொழில்களுக்கு விதிகளில் இடமுண்டு. அப்படியானால் நில உபயோக ஆட்சேபணை நிற்காது. சத்தம், புகை, கழிவுநீர் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், தொழில் உரிமம் பற்றிப் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும் எழுதுங்கள்.

முழுமைத் திட்டம் இல்லாத கிராம ஊராட்சியில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கு அதே சட்டத்தின் 47-A பிரிவு பொருந்தும். அங்கே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள். காலி இடம் விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

அனுமதியே இல்லாமல் வேலை தொடங்கியிருந்தால் அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளைக் குறிப்பிட்டு, தேதி தெரியும் படத்தோடு, செயல் அலுவலருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். அஸ்திவாரக் குழியோடு வேலையை நிறுத்துவது எளிது. கான்கிரீட் போட்ட பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விடும்.